டிரைவரை ஓரமாக நிற்கச் சொன்ன படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் படம் எடுப்பது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். காலைக் காபியோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்தேன். செக்கச்செவேலென்று ஒரு அம்பாசிடர், பின்னால் கடல், பானெட்டில் சாய்ந்தபடி ஒரு பெண் எங்கேயோ பார்க்கிறார், கீழே '1957 அம்பாசிடர், ஒரு காலத்தின் அடையாளம்' என்று ஒரு வரி. படம் பளிச்சென்றுதான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காரின் பம்பர் பிளாஸ்டிக். அதுவும் வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். அப்படிப்பட்ட பம்பரோடு வந்தது 2003ல் வந்த 'கிராண்ட்' மாடல். 1957ல் பம்பர் என்றால் குரோம் பூசிய இரும்பு, மாட்டு வண்டியில் இடித்தால் மாட்டு வண்டிக்குத்தான் சேதம். தாத்தா படம் என்று போட்டுவிட்டுக் கீழே பேரனை உட்கார வைத்த மாதிரி இருந்தது.

இதைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால் நாலு வரியில் முடித்திருப்பேன். எழுத ஆரம்பித்ததும் வேறு விஷயங்கள் வந்துவிட்டன, நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் போட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, எப்போதாவது இன்சூரன்ஸுக்காகச் செத்த மாட்டின் படம், எல்லாம் எடுத்தாயிற்று. என் அப்பா ரயிலடி டாக்சி ஸ்டாண்டில் வண்டி ஓட்டினார், சொந்த வண்டி, வாடகைக்கு ஓடுகிற டி போர்டு, கறுப்பு உடம்பு மஞ்சள் தலை, அம்பாசிடர் மார்க் 3. அதனால் காரைப் படம் எடுப்பது பற்றி யாராவது எழுதினால் எனக்கு இரண்டு பக்கமும் அரிக்கும்.

முதலில் காரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை தெரியாமல் எடுக்கிற படம் எல்லாமே அந்தச் சிவப்புக் கார் படம் மாதிரிதான் வருகிறது. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்து, சுதந்திரம் வந்ததும் 1948ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது, அங்கே ரயில்வே ஸ்டேஷன் பெயரே ஹிந்த் மோட்டார். அவர்கள் இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனியிடமிருந்து வரைபடமும் அச்சும் வாங்கி ஒவ்வொரு காராகச் செய்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது, மூன்றாம் வரிசை அம்பாசிடர் ஆனது. இங்கிலாந்தில் அந்த மூன்றாம் வரிசை மூன்று நாலு வருஷம் ஓடிவிட்டுக் கடையைக் கட்டியது. இங்கே அதே உடம்பு 2014 மே மாதம் வரை ஓடியது! மூக்கை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள், 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு டீசல் இன்ஜின் வண்டியும் வந்தது, 90களில் ஜப்பானின் இசுசு இன்ஜின் வந்தது, ஸ்டியரிங் கீழே இருந்த கியர் தரைக்கு இறங்கியது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் குண்டு முதுகு, உருண்டை விளக்கு, அதே ஆள். 80களின் நடுவில் வருஷத்துக்கு 24,000 வண்டி விற்ற கம்பெனி, கடைசி வருஷத்தில் 2,500 கூட விற்கவில்லை. 2017ல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சு பேஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள்.

ஐம்பத்தேழு வருஷம் ஒரே முகம். அதனால்தான் 'அடையாளம்' என்ற சொல் அதற்கு ஒட்டிக்கொண்டது. யாருக்கு அடையாளம் என்பதுதான் என் பிரச்சினை. வெள்ளை அம்பாசிடர் என்றால் கலெக்டர், அமைச்சர், சிவப்பு விளக்கு, முன்சீட்டில் சபாரி சட்டை போட்ட ஒருவர். கறுப்பு மஞ்சள் என்றால் எங்கள் ரயிலடி. கல்கத்தாவில் முழு மஞ்சள். ஒரே தகரம், பெயின்டை மாற்றினால் அந்தஸ்து மாறிவிடும். இந்த வெள்ளையின் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. 2001 டிசம்பர் 13 அன்று பாராளுமன்றத்தைத் தாக்க வந்தவர்கள் வந்தது ஒரு வெள்ளை அம்பாசிடரில், உள்துறை அமைச்சக ஸ்டிக்கரும் சிவப்பு விளக்கும் வைத்து. வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். வேறு எந்தக் காரை எடுத்து வந்திருந்தாலும் ஒரு நிமிஷமாவது யாராவது உற்றுப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அதற்கப்புறம் பிரதமருக்கே பி.எம்.டபிள்யூ வந்துவிட்டது, 2017 மே மாதம் சிவப்பு விளக்கும் போய்விட்டது.

இத்தனை சுமந்த ஒரு வண்டியைக் கடற்கரையில் நிறுத்தி, ஈரத் துணியால் துடைத்து, ஆளில்லாத இடமாகப் பார்த்துப் படம் எடுத்தால் அதில் என்ன மிஞ்சும்? வடிவம் மிஞ்சும். வடிவம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காரை எடுத்தவர்களில் பெரிய கை ஒருவர் இருந்தார், ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங், கலர் படத்தில் இந்தியாவுக்கே முன்னோடி, 1999ல் இறந்தார். அம்பாசிடரை வைத்தே அவர் எடுத்த படங்கள் 2002ல் தனிப் புத்தகமாக வந்தன. அதைப் புரட்டிப் பார்த்தால் காரை முழுசாகக் காட்டும் படத்தைத் தேட வேண்டியிருக்கும். திறந்த கதவின் சட்டத்துக்குள் ஒரு தெரு, பக்கக் கண்ணாடியில் ஒரு முகம், முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை என்று, காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரை எடுத்திருப்பார். கார் அவருக்கு ஜன்னல். நம் ஆட்களுக்குக் கார் என்றால் பொம்மை, அதைச் சுற்றிச் சுற்றி வெளியிலிருந்தே எடுக்கிறார்கள், ஒருவராவது கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்காரக் காணோம்.

உள்ளேதான் எல்லாமே இருக்கிறது. முன்சீட்டு ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருப்பதால் தரையில் எதுவும் இடிக்காது, டிரைவர் கதவோடு கதவாக ஒண்டிக்கொண்டால் பக்கத்தில் மூன்று பேர். பின்னால் ஐந்து பேர், மடியில் பிள்ளைகள் கணக்கில் சேராது. டிக்கியில் அண்டா குண்டான். ரெக்சின் சீட்டு சித்திரை வெயிலில் தொடையைப் பொசுக்கும், அதற்காக ஒரு துண்டு விரித்திருக்கும். டேஷ்போர்டில் ஒரு முருகன், அவருக்குக் காய்ந்துபோன கதம்பம். எங்கள் பக்கம் கிராமத்தில் பெரியவர்கள் காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள், 'பிளசர்' என்பார்கள், 'பொண்ணுக்கு வலி கண்டுருச்சு, போய் பிளசர் கொண்டா' என்று ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்பார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார். அந்த வண்டியின் பின்சீட்டில் இரண்டு பிரசவம் ஆகியிருக்கிறது, ஒன்று பாபநாசம் ரயில்வே கேட்டில், கேட் மூடியிருந்தபோது.

இன்னொரு விஷயத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். அப்பாவின் வண்டியில் டிரைவர் பக்கக் கதவில், கண்ணாடி இறங்குகிற விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் இருக்காது. முதலில் கறுப்பு மங்கியது, அப்புறம் பிரைமர் தெரிந்தது, கடைசியில் இரும்பு சாம்பல் நிறத்தில் வழவழவென்று, ஆட்டுக்கல்லின் உள்பக்கம் போல ஆகிவிட்டது. அவருடைய வலது முழங்கை இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த இடம். அந்தக் காலத்து டாக்சி எதை எடுத்தாலும் அந்த இடம் இருக்கும், ஆளுக்கு ஆள் அளவு மாறும், உயரமானவர் கொஞ்சம் பின்னால், குள்ளமானவர் கொஞ்சம் முன்னால். வண்டியைப் புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று டிங்கரிங்குக்குக் கொடுத்தால் முதல் நாளே அங்கேதான் பட்டி பார்ப்பார்கள். உங்கள் சிவப்புக் காரிலும் பார்த்திருப்பார்கள்.

அரசாங்கத்துக்கும் இந்தப் புதுசு மோகம்தான். 2021ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, அப்படியானால் 'விஏ' என்று தனி நம்பர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உழைத்த வண்டிக்கு இதில் ஏது இடம்? அப்பா 1989ல் பெட்ரோல் விலை தாங்காமல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றினார். ஸ்டாண்டில் பாதி வண்டி அப்படித்தான். அந்தக் கணத்திலேயே அது பழம்பெரும் வாகனம் ஆகும் தகுதியை இழந்துவிட்டது, அதற்கு முன்னாலேயே டி போர்டு என்பதால் இழந்துவிட்டது என்றும் சொல்லலாம். யாரோ ஒரு பண்ணையார் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு மட்டும் எடுத்த வண்டிதான் பாரம்பரியம். ஊரைச் சுமந்தது காயலாங்கடைக்கு. இன்னொரு பக்கம் 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு கிடையாது என்று ஆகிவிட்டது, ஆபீஸ் காம்பவுண்டுகளில் புங்க மரத்தடியில் இலை மூடிக் கிடந்த வெள்ளை அம்பாசிடர்கள் எல்லாம் எடைக்குப் போயின, இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. பேரீச்சம்பழத்துக்குப் போடுவது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அது உண்மையிலேயே நடக்கிறது.

கியூபாவில் ஹவானா நகரத்துப் பழைய அமெரிக்கக் கார்களை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள், ரோஜா நிறம், பச்சை நிறம், பின்னால் மீன் துடுப்பு மாதிரி. உலகத்தில் எந்தக் காரையும் விட அதிகம் படம் எடுக்கப்பட்ட கார்கள் அவைதான் என்று நினைக்கிறேன். 1959 புரட்சிக்கும் அதன் பிறகு வந்த அமெரிக்கத் தடைக்கும் அப்புறம் புதுக் காரும் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸும் இல்லை, அதனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே ரஷ்ய இன்ஜினோ வேறு எதன் டீசல் இன்ஜினோ இருக்கும், கையால் அடித்துச் செய்த பாகங்கள் இருக்கும். சுற்றுலாப் படங்களில் பானெட் எப்போதுமே மூடியிருக்கும். அந்த ஊர் மெக்கானிக் அறுபது வருஷமாகச் செய்துவரும் வித்தை அந்த மூடிக்கு அடியில் கிடக்கிறது, படத்தில் வருவது பெயின்ட். நம் ஊரில் கார் சிவப்பு, அங்கே ரோஜா, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் கிழவன் புலம்புகிறான் என்பீர்கள், எடுக்கிற முறை பற்றியும் உங்கள் கட்டுரையில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சொல்கிறேன். இப்போது எல்லோரும் செல்போனில் எடுக்கிறார்கள். செல்போனின் சாதாரண லென்ஸ் அகலமானது, காருக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்தால் மூக்கு வீங்கி, பின்பக்கம் சுருங்கி, அம்பாசிடர் தவளை மாதிரி வரும். பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், அந்தக் குண்டு உடம்பு அதன் உண்மையான அளவில் வந்து உட்காரும். இன்னொன்று, உயரம். நாங்கள் யாஷிகாவில் எடுத்த காலத்தில் கேமராவை வயிற்றில் வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்ப்போம், லென்ஸ் கிட்டத்தட்ட காரின் ஹெட்லைட் உயரத்துக்கு வந்துவிடும். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் கார் நம்மை நேருக்கு நேர் பார்க்கும். இன்று முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்து எடுப்பதால் காரைக் குனிந்து பார்க்கிறோம், கூரைதான் பெரிதாகத் தெரிகிறது. முழங்கால் வலி இல்லாதவர்கள் குந்தி உட்காரலாம்.

வெள்ளைக் கார் ஒரு தனிக் கஷ்டம். படம் முழுக்க வெள்ளை இருந்தால் கேமரா ஏமாந்து அதைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைக்க வேண்டும். ஆனால் நம் ஊர் உச்சி வெயிலில் அப்படி ஏற்றினால் பானெட் வெந்து வெறும் காகிதம் ஆகிவிடும். காலை ஏழு மணிக்கு முன்னால், அல்லது மழை மூட்டத்தில். கறுப்புக் கார் நேர் எதிர், அதன் மேல் வானம், மரம், தெரு, எடுப்பவனின் தொப்பை எல்லாம் தெரியும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இதைப் பெரிய குற்றமாகச் சொல்வார், உன் நிழல் படத்தில் விழக்கூடாது, உன் பிம்பம் காரில் விழக்கூடாது என்பார். அவரை மீறி எதுவும் செய்ய அப்போது தைரியமில்லை. இன்று கேட்டால் விழட்டுமே என்பேன்.

நாள் பார்த்து எடுக்க வேண்டுமென்றால் ஆயுத பூஜைதான். மிச்சமிருக்கும் டாக்சி ஸ்டாண்டு ஏதாவது ஒன்றுக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மத்தியானம் எல்லா வண்டியும் குளித்திருக்கும், முன் பம்பரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஹெட்லைட் கண்ணாடியில் மூன்று கோடு விபூதி, நடுவில் சந்தனம் குங்குமம், அதைப் பார்த்தால் எந்த வண்டியும் பெரியவர் மாதிரி ஆகிவிடும். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமமும் காசும் போட்டுச் சுற்றி உடைப்பார்கள், பையன்கள் காசு பொறுக்குவார்கள், அப்புறம் வண்டியை மெதுவாக முன்னால் எடுத்து எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டதும் டிரைவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை எடுங்கள். சக்கரத்தை எடுக்காதீர்கள், முகத்தை எடுங்கள். இப்போது அந்த இடத்தில் அம்பாசிடர் இருக்காது, வேறு ஏதோ வண்டி இருக்கும், பரவாயில்லை, நாற்பது வருஷம் கழித்து அதுவும் யாருக்காவது வேண்டியிருக்கும்.

இடையில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் சென்னையே ஒரு கார் செய்தது. பெருங்களத்தூர் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை, 1961லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பானெட் மட்டும் திறக்காது, முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் கவிழும், முதலை வாய் பிளந்த மாதிரி, இன்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்தார்கள். பின்னால் கெசல் என்று ஒன்று, 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று, 80கள் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருப்பார்கள், எழுபது எண்பது வயது. கல்கத்தா காருக்கு இத்தனை படம், நம் ஊர்க் காருக்கு எத்தனை படம் இருக்கிறது? உங்கள் செங்கல்பட்டு நிருபரை ஒரு நாள் அனுப்பினால் குறைந்து போகாது.

ஏன் நம்மிடம் பழைய படங்கள் இல்லை என்பதற்கு என் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. '120' என்கிற பிலிம் ரோல் ஒன்றில் பன்னிரண்டு படம்தான். ரோல் விலை, கழுவும் கூலி, பேப்பர், எல்லாம் காசு. காரை மட்டும் தனியாக யார் எடுப்பார்கள்? கார் பின்னணியில்தான் வரும். கல்யாணம் முடிந்து பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது காருக்கு முன்னால் ஒரு படம் கட்டாயம், வண்டியில் பூச்சரம், கண்ணாடியில் ஜிகினாப் பேப்பரில் இரண்டு பெயர். சொந்தக் கார் இல்லாத குடும்பத்துக்கு அது ஒன்றுதான் காரோடு எடுத்த படம். அதனால் அத்தனை வீட்டு ஆல்பங்களிலும் கார் இருக்கிறது, பாதிக் கார், கால் கார், ஒரு கதவு, ஒரு விளக்கு. டாக்சி டிரைவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். காரணம் என்னைப் போன்ற ஆட்கள். 'டிரைவர் சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பிரேம்ல வர்றீங்க.' இதை நான் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அப்பா ஓட்டி வந்த கல்யாண வண்டிகளில் அவரிடமே சொல்லியிருக்கிறேன், சார் போடாமல், 'அப்பா, அந்தப் பக்கம் போங்க' என்று. அவரும் மடித்துவிட்ட காக்கிச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். 2004ல் வண்டியை எடைக்குக் கொடுத்தோம், சென்னைப் புதுப்பேட்டைக்கு லாரியில் போனது. மூன்று வருஷம் கழித்து அவரும் போய்விட்டார். முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் வீட்டில், அப்பா தன் வண்டியோடு நிற்கும் ஒரு படம் கிடையாது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். மாடல் சாய்ந்த படங்களைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். வாசகர்களிடம் ஆல்பப் படங்களைக் கேளுங்கள், காரோடு எடுத்தது, கார் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் சரி. படத்தில் இருப்பவர் யார், வண்டி யாருடையது, யார் ஓட்டினார், எந்த ஊருக்கு எதற்காகப் போனார்கள் என்று நாலு வரி கேளுங்கள். வாரம் ஒன்று போட்டாலும் போதும். மாடலும் வருஷமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உங்கள் ஊரிலேயே பழைய மெக்கானிக் ஒருவர் இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கிரில்லைப் பார்த்தே மார்க் எத்தனை என்று சொல்லிவிடுவார். நெருக்கமான கட்டம் போட்ட மூக்கு என்றால் மார்க் 2, அகலமாகச் சதுரமாக இருந்தால் மார்க் 4, இது எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கூடத் தெரியும்.

ஆரம்பித்து வைக்க நானே ஒன்று அனுப்புகிறேன். போன மாதம் பேத்தி பழைய நெகட்டிவ் டப்பாக்களை எடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். 1986 தை மாதத்துக் கல்யாணம் ஒன்று, சுவாமிமலைப் பக்கம். மாப்பிள்ளை, பெண், மாலை, பின்னால் அப்பாவின் வண்டியின் கறுப்புக் கதவு. அவள் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக்கொண்டே போய், 'தாத்தா, கதவுல யாரு?' என்றாள். பெண்ணின் முழங்கைக்குக் கீழே, கதவின் வளைவில், கேமராவை வயிற்றில் வைத்துக் குனிந்தபடி நான் இருக்கிறேன், ஒல்லியாக, தலையில் முடியோடு. எனக்கு இடது தோளுக்குப் பின்னால், நான் தள்ளிப்போகச் சொன்ன இடத்தில், காக்கிச் சட்டையோடு ஒருவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மணமக்களிடம் கேட்காமல் அவர்கள் முகத்தைப் போடக் கூடாது என்பதால் கதவை மட்டும் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். போடுவதாக இருந்தால் கீழே இந்த வரியைப் போடுங்கள், 'அடையாளம்', 'பொற்காலம்' எதுவும் வேண்டாம்: அம்பாசிடர் மார்க் 3, 1976 மாடல், டி போர்டு. கதவில் தெரிபவர் டிரைவர்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரன்,
கும்பகோணம்.